'சமர்' என்று நின்ற பட்டனும் என் திருமங்கலம் பயணமும்

போன செவ்வாய்க்கிழமை திருமங்கலம் போனது ஊர் சுற்ற அல்ல. அங்கே மிளகாய் நாற்றுப் பண்ணை நடத்தும் முத்துலட்சுமி அக்காவுக்கு நான் ஓர் இணையதளம் செய்து கொடுத்திருந்தேன். விவசாயிகள் அதில் பேர் பதிந்துவிட்டு வந்து நாற்று எடுத்துக்கொள்ளலாம். பத்து நாளில் பதிந்தவர்கள் மூன்றே பேர். நாற்பதாயிரம் நாற்று, இன்னும் ஒரு வாரம் போனால் முற்றி வீணாகிவிடும். போனில் ஆர்டர் எடுப்பதை நிறுத்தச் சொன்ன மேதாவியும் நான்தான்.

காலை 7.10க்கு ஒத்தக்கடையில் பஸ் ஏறினேன். மாட்டுத்தாவணி ஆறு கிலோமீட்டர், பத்து ரூபாய். அங்கிருந்து திருமங்கலம் இருபத்தைந்து கிலோமீட்டர், இருபத்தைந்து ரூபாய். ஜன்னலோர இடம் கிடைத்தும் வெளியே பார்க்க மனமில்லை. அக்கா முகத்தில் எப்படி விழிப்பது என்பதே யோசனை. 8.45க்கு இறங்கி ஆட்டோ பிடித்தேன். நான்கு கிலோமீட்டர், எண்பது ரூபாய்.

பண்ணை பேரைச் சொன்னதும் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அங்க நாத்து வாங்கத்தாண்ணே நானும் ரெண்டு நாளா போன்ல மல்லுக்கட்டுறேன். பேரு, ஊரு எல்லாம் போட்டாச்சு. கீழ 'சமர்'னு நிக்குது. சமர்னா சண்டைதான? எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்."

வண்டியை ஓரங்கட்டச் சொல்லி அவர் போனை வாங்கிப் பார்த்தேன். நான் எழுதியிருந்தது 'சமர்ப்பிக்கவும்'. என் கணினியில் இருக்கும் ஒரே பிரவுசரில் அது பட்டனுக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. இவர் போனோடு வந்த பிரவுசரிலோ எழுத்து பெரிதாகி, நான் வைத்த அகலத்துக்கு மேல் இருந்ததெல்லாம் வெட்டுப்பட்டுவிட்டது. வெட்கமாக இருந்தது.

அக்கா திட்டவில்லை. மோர் கொடுத்துவிட்டு, வேலைக்கு வந்தவர்களின் போன்களையும் வாங்கி என் முன்னால் பரப்பினார். ஐந்து போன், நான்கு வகை பிரவுசர். சொல்லின் நீளத்துக்கேற்ப பட்டன் விரியும்படி மாற்றி, ஒவ்வொன்றிலும் திறந்து காட்டினேன். அவர் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அம்புட்டு நீளமா எதுக்கு தம்பி? 'வாரேன்'னு போடு. நாத்தெடுக்க வாரேன்னுதான சொல்லப் போறாக."

போட்டேன். ஐந்திலும் முழுதாகத் தெரிந்தது. அக்கா உடனே விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவில் சேதி அனுப்பினார்.

நீங்களும் இணையதளம் செய்கிறவர் என்றால், கொடுப்பதற்கு முன்னால் ஒரு நாள் ஒதுக்கி இப்படிப் போய்வாருங்கள். போக ஆன செலவு நூற்றுப் பதினைந்து ரூபாய்தான். பத்து மணிக்குள் போய்ச் சேருங்கள், வெயில் பொல்லாதது. அடுத்தவர் போனைக் கேட்டு வாங்கிப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள்.

திரும்பும் பஸ் கப்பலூர் தாண்டும்போது அக்கா போன் செய்தார். "பத்தொம்பது பேரு பதிஞ்சுட்டாக தம்பி." எனக்குக் கண் கலங்கிவிட்டது. பட்டியலைத் திறந்து பார்த்தேன். முதல் 'வாரேன்' அந்த ஆட்டோ அண்ணனுடையது.