களப்புரையின் மேற்கு வாசல்

1941, கன்னி மாதம் ஏழாம் தேதி. பாறசாலையில் நெல்லடிக்கும் எங்கள் களப்புரையை விலைக்கு வாங்கியவர் காலை எட்டு மணிக்குக் கல் பிரிக்கத் தொடங்கினார். மேற்குச் சுவரில் அடைத்திருந்த வாசல் முதலில் திறந்தது.

கல்லிடுக்கில் கிடந்த உமித்தூசி காற்றில் எழுந்தது. அதன் காரம் மூக்கில் ஏறியதும் எனக்கு மறுபடி ஒன்பது வயதாயிற்று.

புரட்டாசியில் வரும் கன்னி அறுப்பு மழையோடு வருவது. அதனால்தான் முன்னோர் களத்தைச் சுற்றியே கருங்கல் சுவரெழுப்பிக் கூரை போட்டார்கள். கிழக்கிலும் மேற்கிலும் நேருக்கு நேர் இரண்டு வாசல்கள். நடுவே நின்று நெல்லைத் தூற்றினால் பதரைக் காற்றே வெளியே கொண்டுபோகும். மேற்கே ரோடு வந்த ஆண்டு, நெற்குவியலில் வழிப்போக்கர் கண் படும் என்று அப்பா அந்த வாசலைக் கல் வைத்து அடைத்தார்.

"காத்துக்கும் கண்ணு உண்டா, ஏமானே?" என்று தூற்ற வந்த தாயம்மை கேட்டாள்.

"ஒனக்கு நாக்கு உண்டு. வேலையப் பாரு."

அம்மா இருமிக்கொண்டே சொன்னாள்: "தூத்தி முடியற வரைக்காவது தொறந்து விடுங்க. மூச்சு முட்டுது."

"மொறத்தால வீசினா போதும்," என்றார் அப்பா.

மூன்று அறுப்புகளுக்கு அம்மா அந்தத் தூசியில் நின்றாள். நான்காவதற்கு அவள் இல்லை. பிறவி மூச்சுநோய் என்று அப்பா ஊருக்குச் சொன்னார். பின்னாளில் அதைக் கேள்விப்பட்டு, தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள் எழுந்து போனார்கள். எல்லாம் தெரிந்த நான் வாய் திறக்கவில்லை. தங்கை சென்ற மாதம் தனியாகவே இறந்தாள்.

செய்யாமல் விட்டவை:

அப்பா இருந்தபோதே அவரை மறுத்துப் பேசுவது.

பெண் பார்க்க வந்தவர்களிடம் உண்மையைச் சொல்வது.

அம்மாவின் நோய் தனக்கும் வரும் என்று நாற்பது வயதிலும் நெஞ்சைத் தடவிப் பார்த்த தங்கையிடம், "ஒனக்கு ஒண்ணும் இல்ல மக்கா" என்று ஒருமுறை சொல்வது.