மருதாணிக் காலோடு சிங்கப்பூர் போன பூனை

பூனையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக என்னென்ன வேண்டும் என்று போன பதிவின் கீழே ஒரு வாசகி கேட்டிருந்தார். இன்றைய விதிகள் எனக்குத் தெரியாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் நாங்கள் ஒரு பூனையைத் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குக் கொண்டுபோன கதை தெரியும். அதில் எங்கள் வீட்டில் நடந்த கூத்து உங்கள் வீட்டிலும் நடக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

நான் சிங்கப்பூரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தேன். கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்து, மனைவி மைமூனை அழைத்துப்போக லீவில் வந்திருந்தேன். திருச்சி பாலக்கரையில் தாய் வீட்டில் இருந்த அவளிடம் பஞ்சு என்று ஒரு வெள்ளைப் பூனை. "பஞ்சு வரலேன்னா நானும் வரலேங்க. நீங்க போயிட்டு வாங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

சிங்கப்பூரில் வெறிநோயை ஒழித்துச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. இந்தியாவிலிருந்து நாய், பூனை வருகிறதென்றால் ஆயிரம் கேள்வி. முன்கூட்டியே பெர்மிட் வாங்க வேண்டும். அதில் எழுதிய அடையாளமும் பிராணியும் பொருந்த வேண்டும். புறப்படுமுன் அரசாங்கக் கால்நடை டாக்டர் பார்த்து சர்டிபிகேட் தர வேண்டும். இறங்கிய பிறகு பல வாரம் தனிக் கொட்டகையில் வைத்துக் கவனிப்பார்கள். என் முதலாளி அலைந்து திரிந்து பெர்மிட் வாங்கித் தந்தார். அவருக்காக இன்றும் துஆ செய்கிறேன். பெர்மிட்டில் பூனையின் நிறம் 'முழு வெள்ளை' என்று இருந்தது.

ஞாயிறு சாயந்திரம் ரயில். அன்று ஆஸ்பத்திரி கிடையாது என்பதால் காலையில் ஸ்ரீரங்கத்து வீட்டுக்கே வரச்சொல்லியிருந்தார் டாக்டர். சனிக்கிழமை சொந்தக்காரப் பெண்கள் கூடி, கடல் தாண்டிப் போகிறவளுக்கு மருதாணி வைத்தார்கள். மாமியாருக்குக் கை சும்மா இருக்கவில்லை. மிச்ச மருதாணியைப் பஞ்சுவின் நான்கு பாதத்திலும் அப்பித் துணி சுற்றிவிட்டார். "அதுவும் நம்ம வீட்டுப் பொண்ணுதானே மாப்பிள்ளை" என்றார். அவிழ்த்துப் பார்த்தால் நான்கும் செக்கச்செவேல். சோப்புப் போட்டேன், எலுமிச்சை தேய்த்தேன். பூனை என்னைப் பிறாண்டியதுதான் மிச்சம்.

கூடையோடு பஸ் ஏறி, ஐந்து மைல் தள்ளி ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிக்குப் போனோம். டாக்டர் குளித்துத் திருமண் இட்டுப் பூஜைக்கு உட்காரப் போகிற நேரம். கூடையைத் திறந்து பார்த்தார்.

"பெர்மிட்ல வெள்ளைன்னு இருக்கே. இது செருப்புப் போட்டுண்டு வந்திருக்கே?"

நான் வாய் திறப்பதற்குள் மைமூன் தன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "அம்மா ஆசைப்பட்டு வெச்சுட்டாங்க சார். அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க." கண் நிறைந்திருந்தது.

"முடியை வழிச்சிடலாங்களா?" என்று கேட்டேன்.

"வழிச்சா சிங்கப்பூர்ல சொறின்னு திருப்பி அனுப்பிடுவா."

சொல்லிக்கொண்டே பஞ்சுவை மடியில் எடுத்துவிட்டார். உள்ளேயிருந்து அவர் மனைவி, "மறுபடி ஸ்நானம் பண்ணணுமே" என்றார். "பண்ணிக்கறேன். காவேரில ஜலம் இருக்கு" என்று பதில் சொல்லிவிட்டுக் காது, பல், வயிறு எல்லாம் நிதானமாகப் பார்த்தார். பிறகு சர்டிபிகேட்டின் அடியில், இது மருதாணிச் சாயம், வழக்கப்படி எஜமானியின் கையில் இட்டபோதே பூனைக்கும் இட்டது என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்திட்டார்.

"ஒத்துக்கறது அவா இஷ்டம்" என்றவர், மைமூன் முகத்தைப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னார்: "எங்க சம்பிரதாயத்துல பெருமாளைத் தாய்ப்பூனைம்பா. குட்டி எதையும் பிடிச்சுக்க வேண்டாம். அவரே கவ்விண்டுபோய்ச் சேர்த்துடுவார். கவலைப்படாம போங்கோ."

"ஆமீன்" என்றாள் மைமூன்.

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி ஒரு வாரத்துக்கு மேல் கடல். அதற்குள் அவள் உள்ளங்கைச் சிவப்பு வெளுத்துவிட்டது. சிங்கப்பூர் துறைமுக அதிகாரி டாக்டர் எழுதியதைப் படித்தார், பூனையைப் பார்த்தார், அவள் கையைக் காட்டச் சொன்னார். நல்லவேளை, மருதாணி நகத்திலிருந்து அத்தனை சீக்கிரம் போவதில்லை. பஞ்சுவின் பாதத்தை அவள் கட்டைவிரல் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தவர், லேசாகச் சிரித்துக் கொட்டகைக்கு அனுப்பினார்.

ஆகவே, போகப்போகிறவர்களே, பெர்மிட் கைக்கு வந்தபின் பிராணிக்கு எந்த அலங்காரமும் வேண்டாம். தப்பு நேர்ந்துவிட்டால் டாக்டரிடம் மறைக்காதீர்கள், எழுதி வாங்குங்கள். கூண்டுக்குள் வீட்டுத் துணி ஒன்று போட்டுவிடுங்கள். கொட்டகையில் பார்க்க விட்டால் தவறாமல் போய்ப் பாருங்கள்.

மைமூன் தவறவேயில்லை. ஆனால் எங்கள் அறைக்கு வந்து வாரக்கணக்காகியும் தகரப்பெட்டியைக் காலி செய்யவில்லை. மேலாக இருந்த இரண்டு சேலையையே மாற்றி மாற்றிக் கட்டினாள். பூனைக்கு ஏதாவது ஆனால் அடுத்த கப்பலில் ஊர் திரும்பிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். பஞ்சு விடுதலையாகி வந்த அன்று, அறையை மோந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு என் தலையணையில் ஏறிப் படுத்தது. மைமூன் அதைப் பார்த்தாள். அப்புறம் பெட்டியை நடு அறைக்கு இழுத்துத் திறந்து, அடியிலிருந்த சேலைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள்.

"என்னங்க, இந்த வீட்ல ஒரு அலமாரி கூட இல்லையே?" என்றாள்.

சட்டையை மாட்டிக்கொண்டு அப்போதே அலமாரி வாங்கப் புறப்பட்டேன்.