கல்வெட்டில் இல்லாத தலையிடி

செய்தி வந்தபோது நான் இருட்டில் படுத்திருந்தேன். யன்னலை மூடி, கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு. அப்படிப் படுக்கப் பழக்கியவர் சுகந்தி அக்கா. ஐந்து மணித்தியாலம் கழித்துத்தான் வாசித்தேன். சுகந்தி அக்கா இல்லை. நிமோனியா. ஐம்பத்திரண்டு வயது.

ஜெர்மனியின் கொலோனில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் நான்கு வருடம் ஒன்றாக வேலை செய்தோம். படித்துக்கொண்டே நான் பகுதிநேரம் போனேன். வெள்ளை விளக்குகள். பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் ஆவி. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் கிழமை, கையில் தட்டோடு நின்றபோது பார்வையில் ஒரு துண்டு காணாமற்போனது. பிறகு வாந்தி. மேற்பார்வையாளர் சொன்னார்: "தலையிடி எல்லாருக்கும்தான் வரும்." அக்கா என்னைச் சாமான் அறைக்குள் இழுத்துப்போய் விளக்கை அணைத்தார்.

"ஒரு கண்ணுக்குப் பின்னாலயோ?"

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. தண்ணீர் குடி, எண்ணெய் வை, கண்டதையும் யோசிக்காதே என்று சொல்ல எத்தனையோ பேர் இருந்தார்கள்.

அக்கா வெளியே போய் மேற்பார்வையாளரிடம் ஜெர்மனில் சொன்னார், இது மைக்ரேன், நரம்பு வருத்தம், தலையிடி அதில் ஒரு பங்குதான் என்று. திரும்பி வந்து தமிழில்: "உந்த ஆளுக்கும் இது ஒருக்கா வரவேணும். அரை நாள் காணும்."

அவருக்கும் இதே வருத்தம். அவரிடம் ஒரு கொப்பி இருந்தது. எத்தனை மணிக்குப் படுத்தார், எப்போது சாப்பிட்டார், மாதவிலக்கு, மழை, குளிசை. ஞாயிற்றுக்கிழமையும் வேலைநாள் போலவே எழும்புவார். பசிக்குமுன் சாப்பிடுவார். குளிசை போட்ட நாட்களைச் சிவப்பில் வட்டமிடுவார். "நெடுக விழுங்கினா குளிசையே தலையிடி தரும்" என்பார். யாரோ சொன்னார்கள் என்று நான் கத்தரிக்காயை விட்டபோது சிரித்தார். "கத்தரிக்காய் உனக்கு என்ன செய்தது? கொப்பி எழுது. அதைக் கேள்."

எனக்கு மாதம் பத்து நாள் வந்தது நாலாகக் குறைந்தது. அதற்குக் கீழே இறங்கவில்லை. ஒழுங்காக இருந்தும் வந்துவிட்டதே என்று ஒருநாள் நான் அழுதேன். "வரும்தான். அது உன்ரை பிழை இல்லை, பிள்ளை."

பிழை இல்லை என்ற இந்தச் சொல்லை நீங்கள் யாராவது அவரிடம் சொன்னீர்களா? அவரை அறிந்த உங்களைத்தான் கேட்கிறேன். கல்யாண மண்டபத்தில் ஒலிபெருக்கிக்கு எட்டப் போயிருந்து, ஆறு மணிக்குத் தன் பெட்டியைத் திறந்து சாப்பிட்டார். பந்தி ஒன்பதுக்கு. "சுகந்திக்குப் பொறுக்க ஏலாது" என்று சிரித்தீர்கள். விரதத்தை விட்டார், கடவுள் பயம் இல்லை என்றீர்கள். பாட்டுக் கச்சேரிக்கு முன் எழும்பிப் போனார், பெருமைக்காரி என்றீர்கள். அந்த மேசையில் நானும் இருந்தேன். எனக்கும் அதே வருத்தம். வாய் திறக்கவில்லை.

செத்தவீட்டில் அதே வாய்கள்: "அந்தத் தலையிடிதான் கொண்டுபோட்டுது." அவர் உயிரோடிருந்தபோது தலையிடி நடிப்பு. செத்தபின் அதுவே கொலைகாரன்.

முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் நினைவுப் புத்தகமான கல்வெட்டில் எழுதச் சொல்லி அவருடைய அண்ணன் கேட்டார். "வடிவா எழுதுங்கோ, தங்கச்சி. தலையிடிக் கதை மட்டும் வேண்டாம். ஆரணிக்குக் கலியாணம் பேச வேணும். பரம்பரை வருத்தம் எண்டிடுவினம்."

ஆரணி அக்காவின் ஒரே மகள். பத்தொன்பது வயது.

நான் எழுதினேன். தலையிடியை மட்டுமே எழுதினேன். கல்வெட்டு வந்தது. என் பக்கம் இல்லை. முதற்பக்கத்தில்: "என்றும் சுகதேகியாய் வாழ்ந்தவர்."

முப்பத்தோராம் நாள், மண்டபத்தில் ஊதுபத்திப் புகை. வீடியோக்காரரின் விளக்கு. ஒலிபெருக்கியில் தேவாரம். அவருக்கு ஆகாத எல்லாவற்றையும் அவருக்காகவே கூட்டி வைத்திருந்தார்கள். ஆரணி மண்டபத்துக்கு வெளியே நடைகூடத்தில் கறுப்புக் கண்ணாடியோடு சுவரில் சாய்ந்திருந்தாள். "பாவம், அழுதழுது கண் வீங்கிப்போச்சு" என்றபடி ஒருவர் கடந்து போனார்.

நான் நடைகூடத்து விளக்கை அணைத்தேன்.

"ஒரு கண்ணுக்குப் பின்னாலயோ?"

"ஓம் அக்கா. இடப் பக்கம்." பிறகு, மெதுவாக: "மாமா கிழிச்சுப் போட்ட உங்கடை பக்கத்தை எங்கையாவது போடுங்கோ. என்ரை பேரையும் போடுங்கோ. கட்டுறவன் வாசிச்சிட்டு வரட்டும்."

மடியில் அம்மாவின் கொப்பி. கடைசிப் பக்கத்தில், அம்மாவின் எழுத்துக்குக் கீழே அவளுடைய எழுத்து. இன்று: ஊதுபத்தி, விளக்கு, மாமா.

இருவரும் சிரித்தோம். அவளுக்குச் சிரிப்பதும் வலித்தது.

கொப்பி அவளிடம் இருக்கட்டும். நான் வைத்திருப்பது அந்தக் கேள்வியை. இனி எந்த மேசையிலிருந்து யார் எழும்பிப் போனாலும், பின்னால் போய்க் கேட்பேன்.