கொழுப்புப்பாறைக்குப் பேர் வைத்தவன்

எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல் என்றால் உயிர். வேல்ஸ் முழுக்கவே அப்படித்தான். புதுச்சொல் ஒன்று கிடைத்துவிட்டால் கைதட்டித் தீர்ப்பார்கள். அது எதைச் சொல்ல வந்தது என்று மட்டும் யோசிக்க மாட்டார்கள்.

இத்வலும் நானும் பதினெட்டு வருடம் ஒரே சாக்கடை லாரியில் வேலை பார்த்தோம். ஊருக்கு அவன் 'இத்வல் சாக்கடை'. ஒரு பிப்ரவரியில் கீழத்தெருக் குழாய் அடைத்துக்கொண்டு, அவன் அக்கா மோர்வித் வீட்டில் மலத்தண்ணீர் முழங்கால் அளவு ஏறிவிட்டது. அன்றிலிருந்து அவள் தம்பி வீட்டு மாடியறையில்தான் இருந்தாள். மறுபடி அடைக்காது என்று தெரிந்தால்தான் திரும்பிப் போக முடியும்.

அடைப்பை வெட்டி மேலே எடுத்தோம். ஊரே பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றிய ஆட்டுக்கொழுப்பு, பிள்ளைகளுக்குத் துடைத்துப் போட்ட ஈரத்தாளோடு சேர்ந்து இறுகிக் கிடந்தது. எங்கள் வேல்ஷ் மொழி வானொலியிலிருந்து வந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள்:

"இதை நம்ம பாஷையில என்னன்னு சொல்றதுங்க?"

"சைம்னா கொழுப்பு, கிரைக்னா பாறை. சைம்கிரைக்னு சொல்லிக்கோ. உங்க அடுப்படியில பெத்த பிள்ளைதானே, பேரையாவது வச்சுக் கூப்பிடுங்க!"

இத்வல் காறித் துப்பிவிட்டுச் சொன்ன சொல் அது. ஒரே மாதத்தில் செய்தித்தாளில் வந்தது, பள்ளிச் சுவரில் வந்தது. இத்வலுக்கு ஒரே நம்பிக்கை.

"பேர் வந்துட்டா வெக்கமும் வந்துரும்டா, அப்புறம் யாரும் ஊத்த மாட்டாங்க. அக்காவும் அவ வீட்டுக்குப் போயிடலாம்."

வெட்கமாவது! அக்டோபரில் அறுப்புப் பண்டிகை விருந்தன்று சபைக் கூடத்தில் அவனுக்குப் பாராட்டு வைத்தார்கள். அந்தச் சொல்லை எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போதகர் உருகினார்: "நம்ம மொழிக்கு ஒரு முத்து குடுத்திருக்காரு!" முத்தாம். தின்றுகொண்டிருந்த ஆட்டுக்கறியைத் தள்ளி வைத்தேன்.

விருந்து சமைத்தவர்களுக்கு நன்றி சொல்ல இத்வல் அடுப்படிக்குப் போனான். நானும் பின்னாலேயே போனேன். மோர்வித் கறி வாட்டிய தட்டைத் தொட்டியில் சாய்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் கொழுப்பு கொழகொழவென்று உள்ளே இறங்கியது.

"அக்கா, என்ன பண்ற?"

"கொஞ்சந்தான்டா. பின்னாடியே வெந்நீர் ஊத்திடுவேன். நீ போ, எல்லாரும் பாட ஆரம்பிச்சுட்டாங்க பாரு."

அவன் பாடப் போகவில்லை. திங்கட்கிழமை காலையில் அவளுடைய இரண்டு பெட்டிகளையும் எங்கள் லாரியில் ஏற்றி, அவளையும் முன்னால் உட்காரவைத்து, கீழத்தெருவில் அவள் வாசலில் இறக்கினான்.

"இன்னும் நாத்தமே போகலடா," என்று அவள் அழுதாள்.

"இங்கயே இரு அக்கா. நீ ஊத்தினது எப்படியும் இங்கதான் வரும்."