கதவுக்குப் பின்னால் இருந்த மெயின் சுவிட்ச்

வீட்டுக்கு வீடு கரன்ட்டையும் கேஸையும் குறைத்தால் காற்றில் புகை குறையும் என்று மகளின் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் பெற்றோரைக் கூட்டிச் சொன்னார். அன்றைக்குப் பிடித்தது எனக்குப் பைத்தியம். பருப்பை ஊறவைக்காமல் அடுப்பில் ஏற்றினால் வீட்டில் சண்டை. போன் இல்லாமல் சார்ஜர் சுவரில் தொங்கினால் பிடுங்கி எறிவேன். "நீ ஃபேன அணைச்சுத்தான் பம்பாய் குளுரப் போவுதாக்கும்" என்று கணவர் கிண்டலடிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஃபிரிட்ஜ் வேறு ரிப்பேராகிக் கிடந்ததால், வெளியே போகும்போதெல்லாம் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டுப் பூட்ட ஆரம்பித்தேன். இப்படி ஆரம்பித்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையும் அதையே செய்துவிட்டு, முலுண்டிலிருக்கும் நாத்தனாரைப் பார்க்க மகளோடு சயானில் ரயிலேறினேன். கணவர் ஊருக்குப் போயிருந்தார்.

காட்கோபர் வரும்போது போன் அடித்தது. எங்கள் மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் பெண்.

"அக்கா, எங்க இருக்கீய? பிள்ளைக்கு மூச்சு இழுக்கு. மெஷின் ஓட மாட்டுக்கு. பக்கத்துல எல்லாம் கரன்ட் இருக்கு."

தாராவியில் பல வீடுகளைப் போல எங்கள் மாடிக்கும் கீழ் மீட்டரிலிருந்துதான், அதே மெயின் சுவிட்ச் வழியாக, வயர் போகிறது. அவள் பிள்ளைக்கு இரண்டு வயது, இளைப்பு உண்டு, மருந்தைப் புகையாக்கிக் கொடுக்கும் மெஷின் கரன்ட்டில் ஓடுவது. எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் மறந்திருக்கிறேன், பாவி.

"பூட்ட ஒடைக்கச் சொல்லு. கதவுக்குப் பின்னால சுவிட்சு இருக்கு, மேல தூக்கிவிடணும். கேக்குதா?"

போன் அறுந்துவிட்டது. திரும்ப அடித்தால் எடுக்கவில்லை. மகளை இழுத்துக்கொண்டு இறங்கி, எதிர் வண்டியில் ஏறினேன். குர்லாவில் வண்டி நின்றுகொண்டே இருந்தது. "பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுல்லம்மா?" என்று மகள் கேட்டாள். "சும்மா இரு" என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன்.

எங்கள் கதவு திறந்து கிடந்தது. இரும்பு ஏணியில் கால் வைத்தபோதே மேலே மெஷின் ஓடும் இரைச்சல் கேட்டது. பிள்ளை அவள் மடியில் மாஸ்க்கோடு படுத்திருந்தான். நெஞ்சு இன்னும் வேகமாக ஏறி இறங்கியது, ஆனால் உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. அந்த அறையில் ஒரு ஃபேன், ஒரு பல்பு, அந்த மெஷின். வேறு எதுவும் கரன்ட்டில் ஓடுவது இல்லை.

"பூட்ட ஒடைச்சிட்டோம்க்கா. புதுசு வாங்கித் தந்துருதேன்" என்றாள்.

"பூட்டு கெடக்கு. போன ரெண்டு வாரமும் கரன்ட் இல்லாமயா கெடந்த? ஏன்ட்டி சொல்லல?"

"வீட்டுக்காரங்க நீங்க. எப்படிக்கா கேக்க?"

வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதைக் கோபம் என்று நினைத்துவிட்டாள் போல. பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்:

"இனிமே அணைக்கதுக்கு முந்தி ஒரு கொரல் மட்டும் குடுங்கக்கா. நான் அவசரமா இவனுக்கு மெஷின வச்சிருதேன்."