வெறும் காகிதப் பொட்டு

பேப்பரில் "புதிய மருந்து கண்டுபிடிப்பு, கிருமிகள் காலி" என்று செய்தி வந்தால் என் வீட்டில் அந்தப் பக்கத்தை எடுத்து ஒளித்துவிடுவார்கள். படித்தால் காலை முழுக்கக் கத்திக்கொண்டிருப்பேன் என்று அவர்களுக்குத் தெரியும். கத்துவதற்கு எனக்கு உரிமை உண்டு. நானும் அப்படி ஒரு மருந்தைக் கண்டுபிடித்தவள்தான். அது ஒரு கிருமியைக்கூடக் காலி செய்யவில்லை. ஒரு மனிதரின் வேலையைத்தான் காலி செய்தது.

எழுபதுகளின் கடைசி. திருப்புலிவனத்திலிருந்து தினமும் பஸ் பிடித்துக் காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரிக்குப் போய் வேதியியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். ஆராய்ச்சி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு பொடிகளைக் குடுவையில் போட்டு மணிக்கணக்கில் கொதிக்கவைப்பது, ஆறவைத்து, அடியில் படியும் மஞ்சள் படிகத்தை வடிகட்டுவது, காயவைத்து ஒரு நம்பர் கொடுப்பது. பிறகு அது கிருமியைக் கொல்கிறதா என்று பார்ப்பது. கொன்றால் மருந்து, கொல்லாவிட்டால் வெறும் மஞ்சள் பொடி. பதினாறு நம்பர் வரைக்கும் எனக்கு மஞ்சள் பொடிதான் கிடைத்தது.

லேபுக்கு அட்டெண்டர் ஒருவர் இருந்தார். சாலவாக்கம் பக்கத்துக் காலனிக்காரர், என்னைவிட மூன்று நான்கு வயதுதான் மூத்தவர். எட்டாவது வரை படித்தவர். உத்திரமேரூர் வரைக்கும் சைக்கிளில் வந்து அங்கே பஸ் ஏறுவார். நான் ஏறும்போது அதே பஸ்ஸில் நின்றுகொண்டிருப்பார். பக்கத்தில் இடம் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார். எங்கள் ஊர்க்காரர்கள் யாராவது பஸ்ஸில் இருந்தால் என் பக்கம் திரும்பக்கூட மாட்டார். லேபுக்குள் போன பிறகுதான் நான் அவரை அண்ணே என்பேன். அந்தக் கதவுக்கு வெளியே ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆறு வருஷமாகத் தினக்கூலி. நிரந்தரமாக்கப் போகிறவர்கள் பட்டியலில் அந்த வருஷம் அவர் பெயரும் இருந்தது. துறைத் தலைவரான என் புரொபஸர் ஒரு நல்ல வார்த்தை எழுதிக் கொடுத்தால் போதும், வேலை உறுதி. கூரை வீட்டுக்கு ஓடு போடுவதைப் பற்றி அவர் அப்போதே பேச ஆரம்பித்திருந்தார்.

அந்த லேபில் நடந்ததில் பாதிக்கு மேல் அவர் செய்த வேலை. குழாயில் தண்ணீர் வராது. கிணற்றிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து வந்து மேலே டிரம்மில் ஊற்றினால்தான் என் குடுவையின் ஆவி குளிரும். கிருமியை வளர்க்கும் பெட்டி கல்லூரிக்கு வாங்க வக்கில்லை. பழைய மரப்பெட்டிக்குள் நாற்பது வாட்ஸ் பல்பு ஒன்றைத் தொங்கவிட்டு அவர்தான் செய்து கொடுத்தார். அட, கிருமியே அவருடையது. நாற்று நடப் போய்க் காலில் கட்டி வந்து, பெரியாஸ்பத்திரியில் கீறினார்கள். அந்தச் சீழிலிருந்து பிரித்தெடுத்த கிருமியைத்தான் நாங்கள் வருஷக்கணக்கில் வளர்த்தோம். கட்டுரையில் "நோயாளி ஒருவரிடமிருந்து பெறப்பட்டது" என்று எழுதினோம்.

சோதனை முறை ரொம்ப எளிது. பெட்ரி தட்டு என்ற சின்னக் கண்ணாடித் தட்டில், கிருமிக்குத் தீனியாக அகார் கூழ் உறைந்திருக்கும், அதன்மேல் கிருமியைத் தடவுவோம். ஆபீஸில் ஃபைலுக்குத் துளை போடும் பஞ்சிங் மெஷினால் வடிதாளைக் குத்தினால் சின்னச் சின்ன வட்டங்கள் விழும். நாங்கள் அதைப் பொட்டு என்போம். பொட்டை மருந்தில் நனைத்து, இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைப்போம். மறுநாள் காலையில் பொட்டைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவாக ஒரு வட்டம் இருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். இடுக்கியில் வேறு கிருமி ஒட்டியிருக்கக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு தடவையும் ஸ்பிரிட்டில் முக்கி ஸ்பிரிட் விளக்கில் காட்டுவோம்.

இந்த ஸ்பிரிட்டில்தான் வந்தது வினை. மதுவிலக்குக் காலம். பர்மிட் வாங்கித்தான் ஸ்பிரிட் வாங்க முடியும், ஒவ்வொரு அவுன்ஸுக்கும் ரிஜிஸ்தரில் கணக்கு. சித்திரை மாதத்தில் ஒரு நாள் என் புரொபஸர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு விரற்கடை குறைந்திருந்தது. கார்க் லூசாக இருந்தது. காஞ்சிபுரம் வெயிலில் லூசான கார்க் போட்ட ஸ்பிரிட் என்ன ஆகும் என்று பி.எஸ்ஸி. முதல் வருஷப் பையனைக் கேட்டால் சொல்வான். வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கிய மனிதருக்கு அது தோன்றவில்லை. அவர் திரும்பி அட்டெண்டரைப் பார்த்தார்.

அட்டெண்டர் குடிக்காதவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், வெற்றிலை பாக்குக்கூடப் போடாதவர். லேபில் எல்லோருக்கும் தெரியும், புரொபஸருக்கும் தெரியும். ஆனால் காலனிக்காரன், பக்கத்தில் ஸ்பிரிட் பாட்டில். புரொபஸருக்கு அவ்வளவு போதும்.

மறுநாளிலிருந்து ஸ்பிரிட் பீரோவுக்குள் போயிற்று, சாவி அவர் சட்டைப்பையில். படிகம் செய்ய மட்டும் அவரே அளந்து ஊற்றுவார். விளக்கும் அணைந்தது. இடுக்கியைச் சுத்தம் செய்ய ஒரு பீக்கர் நிறையக் கறுப்புப் பினாயில் கலந்து வைக்கச் சொன்னார்.

"சார், இதுல வாட கீது சார். இடுக்கியோட பொட்டுல ஒட்டிக்கும். அப்புறம் பூச்சி எதுனால சாவுதுன்னு எப்டித் தெரியும்?" என்று கேட்டார் அட்டெண்டர். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

"நீ எனக்குக் கெமிஸ்ட்ரி சொல்லித் தர்றியா? போய்த் தண்ணி கொண்டாடா" என்றார் புரொபஸர்.

அவர் வாளியை எடுத்துக்கொண்டு போனார். நான் குடுவையைக் கழுவிக்கொண்டிருந்தேன், இல்லை, கழுவுவது போலப் பாவனை செய்துகொண்டிருந்தேன்.

அதற்கடுத்த வாரம் நான் செய்தது பதினேழாம் நம்பர். முதல் முறையாகப் பொருளில் குளோரின் சேர்த்தோம். மறுநாள் மரப்பெட்டியைத் திறந்தால் பொட்டைச் சுற்றித் தெளிவாக ஒரு வட்டம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பதினெட்டிலும் வட்டம், பத்தொன்பதிலும் வட்டம். "குளோரின்தாம்மா, குளோரின்!" என்று புரொபஸர் வராந்தாவெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். கருத்தரங்குக்குக் கட்டுரை எழுதினார், வெளியூர் போய்ப் படித்துவிட்டும் வந்தார். மருந்தில்லாத வெறும் பொட்டு ஒன்றையும் தட்டில் வைத்துப் பார்ப்பதுதான் முறை. அதை முதல் நம்பர் சோதித்தபோது ஒரே ஒரு தடவை வைத்தோம். அதற்குப் பிறகு, தட்டு வீண் என்று அவர் நிறுத்திவிட்டார். பினாயில் விஷயம் எனக்கு ஞாபகம் வரவில்லையா என்று கேட்காதீர்கள். வந்தது. வட்டம் அழகாக இருந்ததால் வராதது போல இருந்துவிட்டேன்.

ஒரு காலையில் நான் லேபுக்குள் நுழையும்போது அட்டெண்டர் மரப்பெட்டியின் பக்கத்தில் ஒரு தட்டோடு நின்றுகொண்டிருந்தார். மூன்று பொட்டுகள், மூன்றிலும் வட்டம்.

"எந்த நம்பர் அண்ணே?"

"நம்பரே இல்லம்மா. நேத்து சாயந்திரம் ஒரு தட்டு மிச்சமா கெடந்துது. வெறும் பொட்ட அதே இடுக்கில எடுத்து வெச்சேன். மருந்து ஒண்ணியும் இல்ல. சார் திட்டுவாருன்னு தெரியும். ஆனா நீ மூணு வருசமா பேஜார் பட்டுக்கினு கீற. நாளிக்கு வெளிய எவனாவது வெச்சிப் பாத்து சிரிச்சான்னா இன்னா பண்ணுவ?"

அந்த லேபில் அந்த வருஷம் நடந்த ஒரே ஒழுங்கான சோதனை அதுதான். செய்தவர் எட்டாவது படித்தவர்.

நான் தட்டைத் தூக்கிக்கொண்டு நேராகப் புரொபஸரிடம் போய், அட்டெண்டர் வெறும் பொட்டு வைத்துப் பார்த்ததைச் சொன்னேன். உண்மையைக் கொண்டுபோனால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும் என்று நினைத்த வயது. அவர் தட்டை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். முகம் வெளுத்துப்போயிற்று. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "இதை யாரு தொடச் சொன்னது அவனை?"

அதற்குமேல் பினாயிலைப் பற்றிப் பேச்சே இல்லை. குற்றம் எல்லாம் தொட்டவன் மேல். அனுமதியில்லாமல் கிருமித் தட்டைத் தொட்டான், சோதனைகளைக் கெடுத்தான், இதற்கு முன்னால் எத்தனை தட்டைக் கெடுத்தானோ. கருத்தரங்கில் படித்தது தப்பாகிப் போனால் அதற்கும் இப்போது ஒரு ஆள் கிடைத்துவிட்டது. அன்று மாலையே இரண்டு காகிதங்களை என் முன்னால் வைத்தார். ஒன்றில், அட்டெண்டர் மேல் ஸ்பிரிட் வாடை வந்ததை நான் உணர்ந்தேன் என்று எழுதியிருந்தது. இன்னொன்றில், அவர் அனுமதியின்றித் தட்டைக் கையாண்டதை நான் அறிவேன் என்று இருந்தது.

முதல் காகிதத்தை நான் தூக்கி எறிந்தேன். "இது பச்சைப் பொய் சார், நான் போட மாட்டேன்" என்று கத்தினேன். வாழ்க்கையில் முதல் முறையாக அவரை எதிர்த்துப் பேசினேன்.

"சரிம்மா, பொய்னா வேண்டாம். இது உண்மைதானே? இதுல போடு" என்று இரண்டாவதை நகர்த்தினார். "உன் ஆராய்ச்சி அறிக்கை அடுத்த மாசம் போகணும். நான்தான் கையெழுத்துப் போடணும்."

உண்மைதான். அனுமதி இல்லைதான், தொட்டார்தான். பொய்க் காகிதத்தை எறிந்த வீரத்தில் உண்மைக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். பஸ்ஸில் வரும்போது ஏதோ நியாயம் செய்துவிட்டவள் மாதிரிகூட இருந்தது. இப்போது நினைத்தால் என் மண்டையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது. முதல் காகிதம் நான் தூக்கி எறிவதற்கென்றே வைத்தது. அவருக்குத் தேவைப்பட்டது இரண்டாவது மட்டும்தான்.

நிரந்தரப் பட்டியல் வந்தபோது அட்டெண்டர் பெயர் அதில் இல்லை. தினக்கூலியும் நின்றது. கடைசி நாள் அவர் டிரம்மை நிரப்பி வைத்துவிட்டுத்தான் போனார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. காகிதத்தில் யார் கையெழுத்து இருந்தது என்று ஆபீஸில் அவருக்குக் காட்டியிருப்பார்கள். அடுத்த வாரத்திலிருந்து பஸ்ஸில் அவர் நிற்கும் இடத்தில் வேறு யாரோ நின்றார்கள்.

ஸ்பிரிட் பீரோவை விட்டு வெளியே வந்தது. பதினேழை மறுபடி சோதித்தோம். வட்டம் இல்லை. பதினெட்டிலும் இல்லை, பத்தொன்பதிலும் இல்லை. கருத்தரங்குக் கட்டுரையைப் புரொபஸர் திரும்பப் பெறவில்லை. அது அப்படியே அச்சாகி எங்கோ ஒரு அலமாரியில் இருக்கிறது. என் ஆராய்ச்சி அறிக்கையில் மட்டும் ஒரு வரி சேர்த்தோம்: முன்னெச்சரிக்கையாக, மருந்தில்லாத பொட்டும் வைத்துச் சோதிக்கப்பட்டது. பரீட்சகர் அந்த வரியைத்தான் ரொம்பப் பாராட்டினார். நன்றி சொல்லும் பக்கத்தில் புரொபஸருக்கு, கல்லூரிக்கு, என் அப்பாவுக்கு, டைப் அடித்தவருக்கெல்லாம் நன்றி சொல்லியிருந்தேன். எனக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது.

ஏழெட்டு வருஷம் கழித்து உத்திரமேரூரில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். அப்போது நான் வேறொரு கல்லூரியில் வேலை பார்த்தேன், எனக்கென்று ஒரு லேப் இருந்தது. எதிரே உரக்கடையில் லாரியிலிருந்து யூரியா மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தலையில் சாக்கைக் கவிழ்த்துப் போட்டிருந்த ஒருவர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். எனக்கு ஓடிவிடலாமா என்று இருந்தது. அவரே ரோட்டைத் தாண்டி வந்தார்.

"நல்லா கீறியாம்மா? அந்தப் பதினேழு இன்னா ஆச்சு?"

ஏழெட்டு வருஷத்துக்குப் பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"ஒண்ணும் ஆகலண்ணே. அது மருந்தே இல்ல. நீங்க சொன்னதுதான் சரி" என்றேன். நடுரோட்டில், நாலு பேர் பார்க்க, அவரை அண்ணே என்றேன். அவ்வளவு தாமதமான மரியாதையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று தவித்து, "இப்ப என் லேப்ல எந்தத் தட்டா இருந்தாலும் ஒரு வெறும் பொட்டு வெச்சே ஆகணும். பசங்கள விடவே மாட்டேன்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. நிஜமாகவே சந்தோஷப்பட்டார். தலைச் சாக்கை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அந்த மாரி வெச்சிப் பாக்கற அட்டெண்டரு எவனாவது இருந்தா, அவன வேலைல வெச்சிக்குவியாம்மா?"

குத்திக் காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வெச்சிக்குவேன் என்று சொன்னேன். உரக்கடைக்காரர் கத்தினார், அவர் போய்விட்டார்.

என் லேப் கதவில் அப்போது ஒரு அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. நானே எழுதி, நானே கையெழுத்துப் போட்டு மாட்டியது. 'அட்டெண்டர்கள் அனுமதியின்றித் தட்டுகளைத் தொடக் கூடாது.'