எத்தனை உயிர்?

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் நடந்தது நடந்ததுதான். நடந்தது ஓர் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு. கதை கட்டிச் சொல்கிற ஆள் இல்லை அவர். பொய் சொல்லவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. இரவுப் பணி முடிந்து வரும்போது அவருக்கு அதுகூட மிச்சம் இருக்காது.

பல வருடமாக அவருக்கு இரவு வண்டிதான். பகலில் அதே வண்டியை ஓட்டுகிறவர் வேறொருவர். உயரத்தை வைத்து எல்லோரும் அவரை நெட்டை என்பார்கள். காலையில் நெட்டையிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வீடு வந்தால், உடம்பு வெட்டிப் போட்ட மரமாகிவிடும். ஆனால் தூக்கம் மட்டும் வராது. கண்ணை மூடினால் காதுக்குள் சைரன். மனைவி துணிக்கடை வேலைக்குக் கிளம்பிவிடுவாள். பிறகு வீட்டில் அவரும் மின்விசிறியும்தான்.

அந்தப் பகல்களை ஓட்டத்தான் கணினியில் விமானம் ஓட்டப் பழகினார். மச்சான், அதாவது மனைவியின் தம்பி, பிடித்துவிட்ட பழக்கம். இதில் என்ன சுகம் என்று யாராவது கேட்டால், "இந்த வண்டியில பின்னால யாரும் முனக மாட்டாங்க" என்பார்.

தனியாக ஓட்டியது போதும், இனி எல்லோரோடும் சேர்ந்து ஓட்டுங்கள் என்றான் மச்சான். இணையத்தில் அதற்கென்று ஒரு கூட்டம் இருந்தது. எங்கெங்கோ இருக்கிறவர்கள் ஒரே வானத்தில் பறப்பார்கள். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து அனுமதி கொடுப்பதும் நிஜ மனிதர்கள்தான். அவர்கள் சொல்வதை ஒரு வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். கேட்காமல் ஓர் அடி நகரக் கூடாது. அத்தனையும் ஆங்கிலத்தில்.

விமானத்தைப் பார்த்து அவருக்குப் பயமில்லை. மைக்கைப் பார்த்தால்தான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

மச்சான் பொறுமையாக வழி சொன்னான். முதலில் சில நாள் வாயைத் திறக்காமல் மற்றவர்கள் பேசுவதை மட்டும் கேட்க வேண்டும். கூட்டமில்லாத சின்ன விமான நிலையமாகப் பார்த்து, அதன் வரைபடத்தை மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். பிறகு இணையத்தில் சேராமலே, பேச வேண்டியதை வீட்டில் சொல்லிச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை டவரில், அதாவது அந்தக் கட்டுப்பாட்டு அறையில், தானே உட்காருவதாகவும், அன்று சேர்ந்தால் போதும் என்றும் சொன்னான்.

அவரும் அப்படியே செய்தார். சட்டையை மடிக்கும்போதுகூடச் சுவரைப் பார்த்து அனுமதி கேட்டார். "என்கிட்ட ஒருநாளாவது இவ்வளவு மரியாதையா எதையாவது கேட்டிருக்கீங்களா?" என்றாள் மனைவி. இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

அது வெள்ளிக்கிழமைப் பிற்பகல். வெளியே விடாத மழை. திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒத்திகைக்கு உட்கார்ந்தார். திரையில் விமானம் ஓடுதளத்தின் ஓரத்தில் தயாராக நின்றது. மைக் பொத்தானை அழுத்தினார். மனப்பாடம் செய்ததைத் தடுமாறாமல் சொன்னார். பொத்தானை விட்டார்.

காதுக்குள் கர்ர்ர் என்றது.

"சொல்லுங்க. கேட்குது."

ஆண் குரல். அதுவும் தமிழில். களைத்துப்போன குரல். ராத்திரி முழுக்க விழித்தவன் குரல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா?

கை தவறி இணைப்பைத் தட்டிவிட்டோம்போல, மச்சானுடைய நண்பர் யாரோ பேசுகிறார் என்று நினைத்தார். தமிழில் பேசியதே நிம்மதியாக இருந்தது. ஓடுதளத்தில் ஏற அனுமதி கேட்டார்.

"பொறுங்க. முன்னால ஒருத்தர் இறங்கறார்."

பொறுத்தார். திரையில் யாரும் இறங்கவில்லை. ஓடுதளம் காலியாகக் கிடந்தது.

ஆனால் சத்தம் கேட்டது. சக்கரம் வழுக்கித் தேய்கிற சத்தம். கிறீச்... என்று நீளமாக. பிறகு டம் என்று ஒரு மோதல். பிறகு வெகுநேரம் தண்ணீர் சளசளக்கிற சத்தம்.

விமான நிலையத்தில் தண்ணீர் ஏது?

"எத்தனை உயிர்?" என்றது குரல்.

அவருக்குச் சட்டென்று விளங்கவில்லை. பிறகு மச்சான் சொன்னது ஞாபகம் வந்தது. ஆபத்தில் மாட்டிய விமானத்திடம் அப்படித்தான் கேட்பார்களாம். ஆனால் இவர் விமானம்தான் நின்ற இடத்திலேயே நிற்கிறதே. புதிதாக வருகிறவர்களைச் சோதிக்கிறார்கள்போல என்று நினைத்துக்கொண்டார்.

"ஒன்னு."

கர்ர்ர்...

"திரும்பிப் பார்த்துச் சொல்லுங்க."

திரும்பினார். கட்டில். கலைந்த போர்வை. சாத்திய கதவு. யாரும் இல்லை.

சேற்று வாடை மட்டும் அடித்தது...

"பார்த்துட்டேன். ஒன்னுதான்."

அந்தப் பக்கம் யாரோ நீளமாகப் பெருமூச்சு விட்டார்.

"சரி... ஒன்னு."

அவ்வளவுதான். சத்தம் அடங்கிவிட்டது.

திரையின் மூலையைப் பார்த்தார். இணைப்பு இல்லை என்றிருந்தது. அலமாரிமேல் இருந்த மோடத்தைப் பார்த்தார். ஒரு விளக்குகூட எரியவில்லை.

மச்சானுக்குப் போன் போட்டார். "நெட் இல்லாம குரல் எப்படி மாமா வரும்? உட்கார்ந்தபடியே தூங்கியிருப்பீங்க. போய்ப் படுங்க" என்றான். அப்படித்தான் இருக்கும் என்று அவரும் மனதைத் தேற்றிக்கொண்டார். பயப்படவும் முடியாத அளவுக்கு அசதி. படுத்தார். பல மாதங்களுக்குப் பிறகு, அன்றைக்குத்தான் அவர் அயர்ந்து தூங்கினார்.

இருட்டியதும் வேலைக்குப் போனார். வண்டி நிற்கும் இடம் காலியாக இருந்தது.

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அழைப்புகளை எடுக்கும் பெண்தான் நடந்ததைச் சொன்னாள். நோயாளி ஒருவரைப் பெரிய மருத்துவமனையில் சேர்த்துவிட்டு நெட்டை திரும்பிக்கொண்டிருந்தார். மழையில் வண்டி வழுக்கி, தலைகுப்புற வாய்க்காலில் விழுந்தது. பக்கத்துக் கடைக்காரர் தகவல் கொடுத்தார். அவள் உடனே வண்டியின் ரேடியோவில் கூப்பிட்டு, எத்தனை உயிர் என்று கேட்டாள். ஒன்று என்று பதில் வந்தது. அதைத்தான் மீட்புக்காரர்களிடம் சொன்னாள். அவர்கள் முன்பக்கத்திலிருந்து நெட்டையை இழுத்தெடுத்து, தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர் பிழைத்துக்கொண்டார்.

பொழுது சாயும்போது கிரேன் வந்து வண்டியைத் தூக்கியது. பின்பக்கத்தில் ஓர் இளைஞன் கிடந்தான். நோயாளியின் தம்பி. அண்ணனுக்கு மாற்றுத்துணி எடுத்துவர வண்டியில் ஏறியவன். தண்ணீர் ஏற ஏறக் கதவைத் தட்டியிருக்கிறான். விரல் முட்டிகளில் தோலே இல்லையாம்.

சொல்லிவிட்டு அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"நெட்டை அண்ணனுக்கு அப்ப நினைவே இல்லையாம். ரேடியோல பதில் சொன்னது உங்க குரல் அண்ணா."

அவள் பதிவை ஓடவிட்டாள்.

'எத்தனை உயிர்?' அவளுடைய குரல். மத்தியானம் அவர் காதில் விழுந்ததோ ஆண் குரல்.

'ஒன்னு.' அவருடைய குரல்.

கர்ர்ர்...

'திரும்பிப் பார்த்துச் சொல்லுங்க.'

அவள் நிறுத்தினாள்.

"நான் ஒரு தடவைதான் கேட்டேன் அண்ணா. இது யாரு? மத்தியான வேளைல எங்க அறையில ஆம்பளைங்களே கிடையாது."